செம்மனேந்தலில் நின்ற புள்ளி

கொல்லப்பட்டிருக்கலாம் என்று எழுதியிருந்தால்கூட யூஜினியா பொறுத்துக்கொண்டிருப்பார். நாரை கொல்லப்பட்டது என்றே இன்டர்நெட் பக்கத்தில் எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே இன்னொரு வாக்கியம்: "அந்தப் பகுதி மக்கள் நாரைகளைப் பிடித்து உண்பது வழக்கம்."

"முத்துவேல், இதப் பிரிண்ட் எடுங்க."

"ரெண்டு பக்கம் வரும் டீச்சர்."

"நாலு பக்கம் வந்தாலும் எடுங்க."

முத்துவேல் அந்த பிரவுசிங் சென்டரைத் திறந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அப்பாவின் தச்சுப்பட்டறை இருந்த இடத்தில் நான்கு கம்ப்யூட்டர். நடுவே அப்பாவே அடித்துக்கொடுத்த தேக்குத் தடுப்பு. பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தும் யூஜினியா, வாரம் மூன்று நாள் பள்ளி விட்டதும் அங்கே வந்துவிடுவார். ஜெர்மனியில் ஒரு கிராமத்து வைக்கோல் கொட்டகையின் கூரைமேல் செங்கால் நாரைக் கூடு ஒன்று இருக்கிறது. அந்நாட்டுப் பறவை ஆய்வு நிறுவனம் ஒன்றில் அதன் எதிரே கேமரா வைத்து, சில நிமிடத்துக்கு ஒரு படம் என்று இன்டர்நெட்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். காரைக்குடித் தொலைபேசிக் கம்பியில் அந்தப் படம் மேலிருந்து கீழே வரிவரியாகத்தான் இறங்கும். முதலில் வானம், பிறகு அலகு, பிறகு கழுத்து. கால் தெரிவதற்குள் லைன் அறுந்துபோகும். மறுபடி முதலிலிருந்து வானம்.

அந்தக் கூட்டின் பெண் பறவைக்கு பெர்த்தா என்று பெயர் வைத்து, காலில் எண் போட்ட கறுப்பு வளையம் மாட்டி, முதுகில் தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய கருவி ஒன்றைப் பட்டையால் கட்டியிருந்தார்கள். குளிர் வந்ததும் அந்த ஊர் நாரைகள் ஆப்பிரிக்காவுக்குப் போவதுதான் வழக்கம். பெர்த்தா என்ன நினைத்ததோ, கிழக்கே திரும்பியது. வரைபடத்தில் புள்ளி குஜராத்துக்கு வந்தது, ஆந்திராவுக்கு வந்தது, 1998 டிசம்பரில் கொத்தமங்கலத்துக்குத் தெற்கே செம்மனேந்தல் கண்மாயில் வந்து நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு யூஜினியா பஸ் ஏறிப் போய்ப் பார்த்தார். நத்தைகொத்திகளுக்கு நடுவே, சிவந்த காலோடு, முதுகில் பெட்டியோடு, அது பாட்டுக்குத் தவளை பிடித்துக்கொண்டிருந்தது.

இப்போது பிப்ரவரி. பதினொரு நாளாகப் புள்ளி நகரவில்லை.

"அவுகளுக்கு எப்படித்தான் தெரியுது டீச்சர்? கருவியே செத்துப்போச்சுன்னு சொல்லுமா?" என்று கேட்டார் முத்துவேல்.

இப்படிக் கேட்டால் யூஜினியாவுக்குக் கோபம்கூட ஒரு நிமிடம் தள்ளி நிற்கும்.

"ரயில்ல போறீங்க. கேட்டுல மணி அடிச்சுக்கிட்டே இருக்கு. நெருங்கி வர்ற வரைக்கும் சத்தம் கீச்சுன்னு இருக்கும், தாண்டினதும் தணிஞ்சுரும். எந்த நிமிசம் தணிஞ்சுச்சு, எவ்வளவு வேகமாத் தணிஞ்சுச்சுன்னு குறிச்சுக்கிட்டா மணி எங்க இருக்குன்னு கணக்குப் போட்டுறலாம். அந்த ரயில்தான் சாட்டிலைட். மணி நம்ம நாரை முதுகுல இருக்கு."

"சரி."

"ஆனா அந்தக் கணக்கு நல்ல நாள்ல அரை கிலோமீட்டர் பிசகும். மோசமான நாள்ல அஞ்சாறு கிலோமீட்டர். அப்பறம், கருவி தன்னோட சூட்டையும் சேத்துச் சொல்லும். பறவை உடம்போட ஒட்டி இருந்தா ராத்திரியும் வெதுவெதுப்பா இருக்கும். இப்ப ராத்திரி இருபத்தொண்ணு, மத்தியானம் அம்பதுன்னு காட்டுது. அதனால கருவி பறவை மேல இல்ல. அது வரைக்கும் நான் ஒத்துக்கிறேன். அதுல இருந்து திங்கிறதுக்கு எப்படித் தாவினாக?"

தாவியது மட்டுமல்ல. இந்திய அதிகாரிகளுக்குப் புகார் அனுப்பியிருப்பதாகவும் எழுதியிருந்தார்கள். பார்வையாளர் பக்கத்தில், கூட்டை வேடிக்கை பார்க்கும் பல நாட்டுக்காரர்களும் செம்மனேந்தலைக் காட்டுமிராண்டி ஊர் என்று திட்டித் தீர்த்திருந்தார்கள். கண்மாயில் பறவை அடைகிறது என்பதற்காகத் தீபாவளிக்கு ஓலைவெடிகூட வெடிக்காத ஊர் அது. கல்யாண ஊர்வலம் போனாலும் கரையைத் தாண்டிய பிறகுதான் மேளம் தட்டுவார்கள். யூஜினியா இதையெல்லாம் எழுதி அனுப்பினார். மறுநாள் பதில் வந்தது. "உங்கள் உணர்வைப் புரிந்துகொள்கிறோம். எங்கள் தரவுகள் பொய் சொல்லாது."

"தரவு பொய் சொல்லாது. படிக்கிறவன் சொல்லுவான்" என்றார் யூஜினியா. சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் செம்மனேந்தலுக்குக் கிளம்பினார்.

புகார் அவருக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. கண்மாயின் மடையைத் திறந்து அடைக்கிற பொறுப்பு கருப்பையாவுடையது. அவர் வீட்டு வாசலில் அவர் மனைவி முத்துமாரி மண்சட்டிகளைக் கவிழ்த்துப்போட்டு, சாம்பல் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க டீச்சரம்மா. நீங்களும் சட்டிய மோந்து பாக்க வந்தீகளா? நல்லா வெளக்கிட்டேன், கவுச்சி வராது."

"என்னக்கா சொல்றீங்க?"

"நேத்து ரெண்டு காக்கிச்சட்டை வந்தாக. நாரைய அடிச்சுத் தின்னுட்டீகளாம்ல, எலும்பு எங்கன்னு கேட்டாக. செருப்புக் காலோட அடுப்படிக்குள்ள போயி ஒவ்வொரு சட்டியாத் தெறந்து மோந்து பாத்தாக. மொதநா வச்ச கருவாட்டுக் கொழம்பு. ஒருத்தரு தும்மிட்டாரு."

"யாரு சொன்னதாம்?"

"வெளிநாட்டுல இருந்து காயிதம் வந்துச்சாம். அங்க இருக்கறவனுக்கு என் வீட்டுக் கொழம்பு வாசம் எப்படிப் போச்சுன்னு கேட்டேன். பதிலக் காணாம்."

உள்ளேயிருந்து துண்டை உதறிக்கொண்டு கருப்பையா வந்தார். முந்தின நாள் அவமானம் அவர் முகத்தில் அப்படியே இருந்தது. கருவியைப் பற்றி யூஜினியா கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தப் பொட்டியா? இங்குட்டு வாங்க."

கண்மாய்க் கரையின் மேற்குக் கோடியில் அய்யனார் கோயில். வெட்டவெளியில், ஆள் உயரத்தைத் தாண்டிய மண்குதிரைகள் வரிசையாக நின்றன. மூன்றாவது குதிரையின் கழுத்தில் கயிற்று மணியோடு சேர்த்து அந்தப் பெட்டி தொங்கியது. அதன் மேல்முகத்தில் பதித்திருந்த சூரிய மின்தகடு வெயிலில் மின்னியது.

"யாரோ விட்டுட்டுப் போன நைலான் வலை இதோட பட்டையில மாட்டிக்கிருச்சு. றெக்கைய விரிக்க முடியாம சேத்துல கெடந்து அடிச்சுக்கிட்டுச்சு. கோணியப் போட்டு அமுக்கி, அருவாள வச்சுப் பட்டைய அறுத்துவிட்டேன். கையில ஒரு கொத்துக் கொத்திட்டுத்தான் போச்சு, இந்தா பாருங்க." மணிக்கட்டில் தழும்பு இருந்தது. "கண்மாயில கெடச்ச சாமான வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. அது அய்யனாரு சொத்து. அதான் இங்க கட்டினேன்."

"வந்தவுககிட்ட இதச் சொல்லலையா அண்ணே?"

"எங்க கேட்டாக? சட்டியத்தான பாத்தாக."

யூஜினியா பெட்டியை அண்ணாந்து பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பகலில் தகடு வெயிலைக் குடிக்கிறது, மின்சாரம் ஊறுகிறது, குதிரை மண் சூடாகி ஐம்பது டிகிரி காட்டுகிறது, இரவில் கண்மாய்க் காற்றில் குளிர்ந்து இருபத்தொன்று காட்டுகிறது. மூன்று நாளுக்கு ஒருமுறை மேலே போகிற சாட்டிலைட்டைக் கூப்பிட்டு, இங்கேதான் இருக்கிறேன் என்கிறது. ஒரு எண்கூடப் பிசகவில்லை. அந்த எண்களை வைத்துத்தான் ஒரு பெண்ணின் அடுப்படிக்குள் செருப்போடு நுழைந்திருக்கிறார்கள்.

"இத நான் எடுத்துக்கிறலாமா?"

"எடுக்கணும்னா பூக்கட்டிப் பாக்கணும் டீச்சரம்மா. செகப்புப் பூ ஒரு பொட்டணம், வெள்ளப் பூ ஒரு பொட்டணம். வெள்ள வந்தா எடுக்கலாம். நானாக் குடுக்க முடியாது."

யூஜினியா வற்புறுத்தவில்லை. கேமராவில் குதிரையை, பெட்டியை, அறுந்த பட்டையில் இன்னும் சிக்கியிருந்த நைலானை, கருப்பையாவின் மணிக்கட்டை எல்லாம் படம் எடுத்தார். பிலிமைக் கழுவி, ஸ்கேன் செய்து அனுப்ப ஐந்து நாள் ஆனது. பதில் இரண்டே வரியில் வந்தது. "சுவாரசியமான படங்கள், நன்றி. ஆனால் பறவை உயிரோடு இருப்பதற்கு இவை சான்று அல்ல."

முத்துவேல் வாய்விட்டுச் சிரித்தார். "கொன்னதுக்கு மட்டும் சான்று வேணாமாக்கும்."

அதன்பின் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. நாரை சிறகை அடித்துக்கொண்டே தூரம் போகும் பறவை அல்ல. தரை சுட்டு, காற்று மேலே எழும்ப வேண்டும். அந்தக் காற்றில் வட்டமிட்டு உயர்ந்து, அங்கிருந்து சறுக்கி, அடுத்த வெப்பக்காற்றைப் பிடித்துத் தாவித் தாவிப் போகும். பிப்ரவரி முடிவில் இங்கே தரை சுட ஆரம்பித்தால், ஏப்ரலில் கூட்டை எட்ட வேண்டும். மார்ச் கடைசியில் ஆண் நாரை கூட்டுக்கு வந்துவிட்டது. குச்சி அடுக்கிக்கொண்டு தனியாக நின்றது. குருத்தோலை ஞாயிறு போனது, உயிர்ப்பு ஞாயிறு போனது. வேறொரு பெண் பறவை வந்து கூரையைச் சுற்றிவிட்டுப் போனபோது யூஜினியாவுக்குப் பள்ளியில் பாடமே ஓடவில்லை.

ஏப்ரல் பதிமூன்றாம் தேதி மாலை படம் இறங்கியது. வானம். ஒரு அலகு. பக்கத்தில் இன்னொரு அலகு. இரண்டு கழுத்து. முத்துவேல் மூச்சுவிடாமல் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். லைன் அறுந்தது. மறுபடி போட்டார்கள். இந்த முறை கால்வரை வந்தது. ஒரு காலில் கறுப்பு வளையம். வளையத்தின் எண் படத்தில் தெரியாது. மறுநாள் அந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைநோக்கியில் படித்துச் சொன்னதைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். "அதிசயம்! பெர்த்தா திரும்பிவிட்டாள்! கருவியை மட்டும் வழியில் தொலைத்துவிட்டாள்."

பார்வையாளர் பக்கம் முழுக்கப் பூங்கொத்து. செம்மனேந்தல் என்று ஒரு சொல் கிடையாது. யூஜினியா பிப்ரவரிப் பக்கத்தைத் திறந்து பார்த்தார். கொல்லப்பட்டது. உண்பது வழக்கம். இரண்டு வாக்கியமும் அப்படியே இருந்தன. நீக்கச் சொல்லி எழுதினார். பழைய பக்கங்கள் ஆவணம், அவற்றைத் திருத்துவதில்லை என்று பதில் வந்தது. அதே கடிதத்தின் அடியில் ஒரு வேண்டுகோளும் இருந்தது. கருவி தங்கள் நிறுவனத்தின் உடைமை, அரிய பொருள். அதைத் தயவுசெய்து கோயிலிலிருந்து எடுத்துத் தபாலில் அனுப்பவும்.

அந்தக் கடிதத்தை யூஜினியா செம்மனேந்தலுக்குக் கொண்டுபோய்த் தமிழில் படித்துச் சொன்னார். கருப்பையா தலையைச் சொறிந்தார்.

"கேக்குறாகளேன்னு இருக்கு. பூக்கட்டிப் பாத்துருவமா?"

"பாக்கலாம்" என்றார் முத்துமாரி. "நாரை அங்க சொகமாப் போயிச் சேந்துருச்சுல்ல. நாங்க நாரையத் தின்னவுகன்னு எழுதினத அழிக்கச் சொல்லுங்க டீச்சரம்மா. அழிச்சுட்டு, என் சட்டிய மோந்து பாத்தது தப்புன்னும் ஒரு வரி எழுதச் சொல்லுங்க. அன்னைக்குப் பூக்கட்டிப் பாப்போம். அதுவரைக்கும் சாமி சொத்து சாமிகிட்டயே இருக்கட்டும்."

கருப்பையா மனைவியைப் பார்த்தார். சரியென்று தலையாட்டினார்.

யூஜினியா அதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினார், கருவாட்டுக் குழம்பு உள்பட. பதில் இல்லை. பத்து நாள் கழித்து மறுபடி அனுப்பினார். பள்ளி விடுமுறை விட்டது, அக்னி நட்சத்திரம் தொடங்கியது, கொட்டகைக் கூரையில் மூன்று குஞ்சுகள் தலைநீட்டின.

"டீச்சர், குதிரை இன்னைக்கும் பேசிருச்சு" என்றார் முத்துவேல். வரைபடத்தில் செம்மனேந்தல்மேல் புதிதாக ஒரு புள்ளி விழுந்திருந்தது. நல்ல வெயில், தகட்டுக்கு இன்னும் பல வருடத்துக்குக் கவலையில்லை.

யூஜினியா பிப்ரவரிப் பக்கத்தைத் திறந்தார். வாக்கியங்கள் இருந்தன. நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டு, ஆறாவது கடிதத்தைத் தட்டச்சு செய்யத் தொடங்கினார்.