முள் வைத்த கடிவாளம்

திண்டிவனத்து ஆனந்தராஜ் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவன். குதிரை விற்கிறவன் வாயில் உண்மை வராது என்பது நெடுஞ்செழியனின் முடிவு. மகளுக்காக அவனிடம் வாங்கிய மட்டக்குதிரைக்கு ஏழு வயசு என்றான், நம்பவில்லை. பச்சைப்பிள்ளைகூட ஏறலாம் என்றான், அதையும் நம்பவில்லை. கடைசியில் முள் வைத்த கடிவாளத்தை நீட்டி, "இது இல்லாம பாப்பாவ ஏத்தாதீங்கண்ணா" என்றான். அதை மட்டும் முழுசாக நம்பினார். பயந்தவன் வேறு எதை நம்புவான்?

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பெண் வேணி. பொம்மையார்பாளையம் கடற்கரையில் ஒருமுறை குதிரை ஏறிவிட்டு வந்து, எனக்கும் ஒன்று வேண்டும் என்று ஒரு வருஷம் நச்சரித்தவள். வாங்கிக் கொடுத்த நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஊசி போட வந்த விழுப்புரத்து மாட்டு டாக்டரம்மா கடிவாளத்தைப் பார்த்து முகம் சுளித்தாள். இந்த முள் வாயைக் கிழித்துவிடும், வாயின் அகலத்துக்கு அளவெடுத்து வழவழப்பான இரும்பாகப் போடுங்கள் என்றாள். ஏறப்போவது அவள் பிள்ளையா என்று நினைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். கண்டமங்கலத்தில் முப்பது வருஷம் காளை ஓட்டியவர் அவர். மூக்கணாங்கயிற்றை இழுத்தால் காளை நிற்கும், வலி கூடினால் இன்னும் சீக்கிரம் நிற்கும். இதற்கு மூக்குக்குப் பதில் வாய், அவ்வளவுதானே.

களத்தில் இரண்டு வாரம் கயிறு பிடித்துச் சுற்றவிட்டுப் பழக்கினார். ஓங்கி இழுத்தால் முன்னங்கால் இரண்டும் லேசாக எழும்பின. திமிர் என்று நினைத்து கடிவாள வாரை இன்னும் ஒரு ஓட்டை தள்ளி இறுக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாய்க்கால் கரைமேல் வேணி தனியாக ஓட்டினாள். பத்தடி பின்னால் இவர். இடது பக்கம் முழுக்கச் சிமெண்டுச் சரிவு. தெருமுனையில் சாவு மேளம் கிளம்பியது.

குதிரையின் காது நிமிர்ந்தது. நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி மிதித்தது.

"இழு வேணி, இறுக்கி இழு!"

இழுத்தாள். குதிரை அப்படியே பின்னங்காலில் எழுந்து நின்றது. பிள்ளை அதன் கழுத்தில் ஒட்டிக்கொண்டாள். பின்னங்குளம்பு சரிவின் விளிம்பில் வழுக்கியது.

"அப்பா, இழுக்க இழுக்க மேல போவுதுப்பா."

குதிரையின் வாயிலிருந்து ரத்த நுரை வழிந்து வேணியின் பாவாடையில் சொட்டியது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது, இது கல்யாண ஊர்வலத்தில் மேளத்துக்கு ஆடுகிற குதிரை. வாயில் முள் குத்தினால் எழுந்து நிற்க வேண்டும் என்றுதான் அதைப் பழக்கியிருக்கிறார்கள். நிறுத்தவென்று இவர் போட்ட இரும்புதான் அதைத் தூக்குகிறது.

விடச் சொன்னால் ஓடிவிட்டால்? ஓடினால் பிள்ளை எங்கே விழுவாள்?

"வுட்டுடு கண்ணு. கயிற வுட்டுட்டு பிடரியப் புடிச்சிக்க."

வேணி ஒரு கணம் அப்பாவைப் பார்த்தாள். பிறகு விட்டாள்.

முன்னங்கால்கள் தரையில் இறங்கின. குதிரை ஓடவில்லை. உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டு நின்றது.

கிட்டே போய் வாரை அவிழ்த்தார். இரும்பை உருவியபோது நாக்கில் இரண்டு குழி தெரிந்தது. இறங்கச் சொன்னார். வேணி மாட்டேன் என்று பிடரியை இறுக்கிக்கொண்டாள்.

மேளம் இன்னும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. குதிரையின் கழுத்தில் வெறும் கயிற்றைப் போட்டு, மறு கையால் மகளின் பாதத்தைப் பிடித்தபடி, அடி மேல் அடி வைத்து வீட்டுப் பக்கம் நடந்தார்.