ஏழு கிளைகளின் யாப்பு

ஓல்டன் நகரத்தில் எங்களுக்கு உறவென்று ஒரு குடும்பமும் கிடையாது. ஆனாலும் சுவிஸ் முழுவதற்குமான கூட்டம் என்றால் எங்கள் சனம் அங்கேதான் மண்டபம் எடுக்கும். காரணம் எளிது, எல்லாத் திசை ரயிலும் அங்கே நிற்கும். நவம்பர் ஞாயிறு காலை பத்து மணிக்கு என்று நான் கடிதம் போட்டிருந்தேன். பதினொன்றேகால் வரை மண்டபத்தில் கதிரைகளும் நானும்தான். நான்கு கோப்பி குடித்துவிட்டேன். ஊஸ்டரில் இருந்து வரும்போது ரயிலில் இடம் கிடைத்தும் இருக்க முடியாமல் கதவடியிலேயே நின்று வந்தவன், இங்கே மேடைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

என் பெயர் தவராஜா. யாழ்ப்பாணத்தில் உள்ள எங்கள் பள்ளிக்கூடத்தின் சுவிஸ் பழைய மாணவர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். அதைவிட முக்கியம், அதன் யாப்பை எழுதியவன் நான். சங்கத்தின் அடிப்படைச் சட்டம் அதுதான். இதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிமிரும். அன்றைக்கும் காலையில் நிமிர்ந்துதான் இருந்தது.

தொண்ணூற்றோராம் ஆண்டு சூரிச்சில் ஓர் அகதி விடுதி அறையில் ஒன்பது பேர் கூடித் தொடங்கிய சங்கம் இது. பிறகு பேர்ன்காரர் பிரிந்தார்கள். லோசான்காரர், "சூரிச் எங்களைக் கேட்டு ஒண்டும் செய்யிறேல்லை" என்று கோபித்துக்கொண்டு தனிச் சங்கம் வைத்தார்கள். ஒரே வருடத்தில் ஒரே பள்ளிக்கூடத்துக்கு மூன்று ஒன்றுகூடல், மூன்று கொத்துரொட்டிக் கடை. எனக்கு வெறுத்துப்போனது. அந்த நேரம்தான் குடியுரிமைப் பரீட்சைக்கு இந்த நாட்டின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தேன். தங்களுக்குள் சண்டை பிடித்த மாநிலங்கள், இவர்கள் சொல்லும் கன்டோன்கள், அடுத்த வருடமே எப்படி ஒரு யாப்புக்குள் வந்தன, சின்னவை பெரியவற்றால் விழுங்கப்படாமல் இருக்க என்ன செய்தார்கள் என்று வாசிக்க வாசிக்க, இதைவிட நல்ல மருந்து எங்கள் சங்கத்துக்கு வேறு எங்கே கிடைக்கும் என்று தோன்றியது.

எழுதினேன். ஏழு கன்டோன்களில் ஏழு கிளைகள். கிளைக்கு ஒருவராக ஏழு பேர் கொண்ட சபை. தலைவர் பதவி ஒரு வருடம் மட்டும், முறை வைத்துச் சுற்றும், உபதலைவர் அடுத்த வருடம் தலைவர். யாப்பை மாற்ற வேண்டுமானால் ஆட்களின் பெரும்பான்மையும் வேண்டும், கிளைகளின் பெரும்பான்மையும் வேண்டும். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு மே மாதம் கிளாருஸ் சந்தைச் சதுக்கத்தில் ஊர்ச் சனமெல்லாம் திறந்த வெளியில் கை உயர்த்தி வாக்களிப்பதைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றவன் நான். எல்லா வாக்கும் கை உயர்த்தியே என்று அதையும் சேர்த்துவிட்டேன். ஒளிவு மறைவு இல்லை என்று பெருமை வேறு அடித்தேன்.

அந்த யாப்பு ஆறு வருடம் நன்றாகவே ஓடியது. இப்போது முறை ஏழாவதாகக் கிறவுபுண்டன் கிளைக்கு வந்திருந்தது. அந்தக் கிளையில் இருப்பவர்களே மூன்று பேர். அதன் ஆள், எங்கள் உபதலைவர், குகநாதண்ணை.

எங்கடின் என்ற மலைப் பள்ளத்தாக்கில் சமடானுக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டல் சமையலறையில் முப்பத்திரண்டு வருடம் வேலை செய்பவர் அவர். நவம்பரில் ஹோட்டல்களைப் பூட்டிவிடுவதால் வருடத்தில் இந்த ஒரு கூட்டத்துக்குத் தவறாமல் வருவார். அடுத்த வருடம் பள்ளிக்கூடத்தின் நூற்றிருபத்தைந்தாவது ஆண்டு விழா. சுவிஸ் சங்கத் தலைவர் ஊருக்குப் போய் மேடையில் விளக்கேற்றிப் பேச வேண்டும். அந்தத் தலைவர், முறைப்படி, குகநாதண்ணை.

ஒன்பது நாளுக்கு முன்னர் இந்த வருடத் தலைவர் சண்முகலிங்கம் எனக்குத் தொலைபேசி எடுத்தார். சூரிச் ஆள், சொந்தமாக இரண்டு கடை.

"யாப்பிலை சின்னத் திருத்தம் ஒண்டு. விழா வருசத்துக்கு மட்டும் இருக்கிற தலைவரே தொடரட்டும். எல்லாரும் விரும்பினம்" என்றார்.

"குகநாதண்ணையின்ரை முறையல்லோ?"

"முறை சரி. ஆனா குகநாதனுக்கு டொச் போதாது, இங்கிலீசும் வராது. மலைக்குள்ளை இருக்கிற ஆள். பெரிய சபையிலை எப்பிடிக் கதைக்கிறது? நீர் யோசிச்சுப் பாரும்."

அந்த மனிதர் டொச் என்கிற ஜெர்மனும் இத்தாலியனும் பேசுவார், அந்தப் பள்ளத்தாக்கு ஆட்களோடு அவர்களின் மொழியிலேயே பகிடி விடுவார். சண்முகலிங்கம் வரிக் கடிதம் வந்தால் மகளைத்தான் கூப்பிடுவார். இதெல்லாம் எனக்குத் தெரியும். உண்மைக் காரணமும் தெரியும். சாதி. அந்தச் சொல்லை அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. முப்பது வருடமாக யாரும் சொல்லாமலே எல்லோரும் அறிந்து நடக்கிற விடயம் அது. குகநாதண்ணை வீட்டில் கலியாணம் என்றால் எங்கள் ஆட்களுக்கு அன்றைக்கென்று வேலை வந்துவிடும்.

சங்கத்தில் வேறு யாருக்கும் தெரியாத ஒன்றும் எனக்குத் தெரியும். ஒருமுறை எங்கடின் போனபோது, மலை ரயிலில் எனக்கு முன்னால் இருந்து அவரே சொன்னது. எங்கள் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பில் நானூறு மீற்றர் ஓட்டத்தில் முதலாவதாக வந்தாராம். பரிசளிப்பில் எல்லாப் பிள்ளைகளும் மேடைக்கு ஏறி வாங்கினார்கள். இவருடைய பெயர் வந்ததும் வாத்தியார் கிண்ணத்தோடு தானே கீழே இறங்கி வந்தாராம். "மேடைக்கு ஏறவிடேல்லைத் தம்பி" என்றார். பிறகு யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

இவ்வளவும் தெரிந்த நான் சண்முகலிங்கத்திடம், "திருத்தத்தை எழுத்திலை அனுப்புங்கோ, வாசிக்கிறன்" என்றேன். செயலாளரின் கடமை என்று எனக்கு நானே விளக்கம் சொன்னேன். என் மனைவி சிவகலா, "நீங்கள் இதுக்கை தலையைக் குடுக்காதேங்கோ" என்றாள். அவள் அதைச் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலை நினைக்க இப்போது எரிச்சல் வருகிறது.

ஒருவழியாக நூற்றுமுப்பது பேர் வந்து சேர்ந்தார்கள். மேடையில் சண்முகலிங்கம், பக்கத்தில் குகநாதண்ணை. புதுக் கோட் போட்டிருந்தார், கழுத்துப்பட்டியைத் தொட்டுத் தொட்டுச் சரிசெய்தார். நான் திருத்தத்தை வாசித்தேன். சண்முகலிங்கம் எழும்பி, "இது தனிப்பட்ட ஆளைப் பற்றினதில்லை" என்று தொடங்கிப் பதினைந்து நிமிடம் அந்தத் தனிப்பட்ட ஆளைப் பற்றிக் கதைத்தார்.

"உபதலைவர் ஏதும் சொல்லப் போறியளோ?" என்று கேட்டேன்.

"இல்லை. சனம் சொல்லட்டும்" என்றார் குகநாதண்ணை. தன் சொந்த விடயம் என்பதால் தனக்கு வாக்கு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

கிளை கிளையாக எண்ணத் தொடங்கினேன். முதலில் என்னுடைய சூரிச். திருத்தத்தை ஆதரிப்பவர்கள் கை உயர்த்துங்கள் என்றதும் காடு மாதிரி எழும்பியது. ஐம்பத்திரண்டு கைகள். முன்வரிசையில் சிவகலாவின் கையும் இருந்தது. எதிர்ப்பு எட்டு. நான் தாளும் பேனையுமாக வரிசைகளுக்கு இடையில் நின்றுகொண்டிருந்தேன். ஐம்பத்திரண்டுக்கு எட்டு, இதில் என் ஒரு கை எதை மாற்றப்போகிறது என்று நினைத்தேன். கணக்குப்படி அது சரியும்கூட.

பேர்னும் பாசலும் ஆதரித்தன. லூசேர்ன், சென் காலன் கிளைகளில், பெற்றோர் வழியாக அங்கத்தவரான, இங்கே பிறந்த பிள்ளைகள்தான் அதிகம். அவர்கள் "முறையெண்டா முறைதான்" என்று எதிர்த்தார்கள். கிறவுபுண்டனின் மற்ற இரண்டு பேரும் எதிர்த்தார்கள். மூன்றுக்கு மூன்று. ஆட்களின் கணக்கில் சண்முகலிங்கம் எப்போதோ வென்றிருந்தார். மிச்சம் லோசான்.

லோசான் கிளைக்கு சந்திரமதி அக்கா தலைமை. ஆஸ்பத்திரி துப்புரவுப் பகுதியில் மேற்பார்வை செய்பவர். தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். ஆதரவு ஐந்து. எதிர்ப்பு ஒன்பது.

மூன்றுக்கு நான்கு. திருத்தம் தோற்றது.

கைதட்டல் பெரிதாக இல்லை. ஓடிப்போய், "அக்கா, நியாயத்தின்ரை பக்கம் நிண்டியள்" என்றேன்.

"என்ன நியாயம்? சூரிச் கொண்டுவந்தா நாங்கள் எதிர்ப்பம். அவ்வளவுதான்" என்றார் அவர்.

மேடையைப் பார்த்தேன். குகநாதண்ணை சனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஒவ்வொரு வரிசையாக. எவ்வளவு நேரமாக அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எண்பத்து மூன்று கைகளும் அவருடைய முகத்துக்கு நேரேதான் உயர்ந்திருந்தன. மூடிய பெட்டியில் சீட்டுப் போட வைத்திருந்தால் அது வெறும் எண்ணாகப் போயிருக்கும். அவருடைய பிள்ளைக்கு ஞானத்தாயாக நின்றவளின் கை, எங்கடினுக்கு விடுமுறையில் போய் அவர் வீட்டில் சாப்பிட்டவர்களின் கைகள், எல்லாவற்றையும் பெயர் பெயராக அவருக்குக் காட்டியது நான் எழுதிய விதி.

வருடக் கூட்டத்திலேயே தலைமை கைமாறுவது வழக்கம் என்பதால் அவர் எழும்பி வந்து ஒலிவாங்கியைப் பிடித்தார். நன்றி சொன்னார். பிறகு, "அடுத்த விடயம் என்ன, செயலாளர்?" என்றார். கோடைகால ஒன்றுகூடல் என்றேன். அதைப் பற்றி அரை மணி நேரம் ஒழுங்காகக் கூட்டம் நடத்தினார். சண்முகலிங்கத்தைவிட நன்றாகவே நடத்தினார்.

மண்டபம் வெறுமையானதும் கூட்டக் குறிப்பில் கையெழுத்து வாங்கப் போனேன்.

"ஊருக்குப் போவியள்தானே அண்ணை?"

"போவன். ஏன் போகாமல் விடுறது? மேடைக்கு ஏறுவன்" என்றார். முகத்தில் சந்தோசம் என்று ஒன்றும் தெரியவில்லை.

குறிப்பை வரி வரியாக விரல் வைத்து வாசித்தார். ஆதரவு எண்பத்து மூன்று. எதிர்ப்பு நாற்பத்தைந்து. விரல் அடுத்த வரியில் நின்றது. உபதலைவர் தவிர வாக்களிக்காதோர் ஒன்று.

"இந்த ஒண்டு ஆர் தம்பி?"

"நான் எண்ணிக்கொண்டிருந்தனான் அண்ணை."

"ஓம், கண்டனான். எண்ணி முடிஞ்ச பிறகும் திருப்பி ரெண்டு தரம் எண்ணினியள்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

சமடானுக்குக் கிட்டத்தட்ட நாலு மணி நேரப் பயணம், ரயில் போய்விடும் என்று கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். நான் அந்தத் தாளைக் கோப்பில் வைக்க மனமில்லாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருந்தது.