குரலில் வந்த பிணவாடை

டிவியில் காட்டு விலங்குகள் பற்றிப் பேசும் இயற்கை ஆய்வாளரின் குரலில் ஒரு மாலை பிணவாடை அடிக்கத் தொடங்கியது. வாயில் இல்லை. பல் மருத்துவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு வாய் பளிங்காக இருக்கிறது என்றார். குரலில்தான். தொலைபேசியில் பேசினால் மறுமுனையில் இருப்பவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

காரணம் அவருக்குத் தெரியும். சிறுத்தை வேட்டையாடுவதைப் படமெடுக்கக் காட்டில் மாதக்கணக்கில் தவம் கிடக்க வேண்டும். டிவி நிகழ்ச்சித் தயாரிப்பாளருக்கு அவ்வளவு பொறுமை ஏது? வேலி போட்ட தோப்புக்குள் வாடகைச் சிறுத்தையை விட்டு, ஒரு மானின் பின்னங்கால் நரம்பை அறுத்து உள்ளே தள்ளினார்கள். எலும்பு முறியும் சத்தம் எடுபடவில்லை என்று ஸ்டுடியோவில் ஒருவன் கேரட்டை உடைத்துச் சேர்த்தான், மிச்சத்தைத் தின்றான். அதன்மேல் இவர் தன் வெண்கலக் குரலில் இயற்கையின் நியதி பற்றிப் பேசினார். அன்று மாலை மகளைச் சாப்பிடக் கூப்பிட்டார், அவள் வாந்தியெடுத்தாள். பிறகு அவள் அவரோடு உட்கார்ந்து சாப்பிடவேயில்லை.

ஒளிபரப்பிலும் நாற்றம் வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தது. ஊர் கொதிக்கும் என்று நினைத்தார். ஊரோ காட்டுக்குள்ளேயே இருப்பதுபோல் இருக்கிறது என்று சொக்கிப்போய் நிகழ்ச்சியை நீட்டச் சொன்னது. அறைக்கு மணம் தெளிக்கும் புட்டி விற்பவர்கள் விளம்பரத்தோடு வரிசையில் நின்றார்கள். அவருக்குத் தன்மேல் அருவருப்பு, அதைவிட அவர்கள்மேல். கடைசியில் ஒரு நேரலையில் போட்டு உடைத்தார்: "அந்த மான் தப்பிச்சிருக்கும். கால் நரம்பை நாங்கதான் அறுத்தோம். நான் பக்கத்துல நின்னு பார்த்துட்டிருந்தேன்."

சொல்லும்போதே வாடை நின்றுவிட்டது. வாசனை வரவில்லையே என்று பார்வையாளர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். சொன்னதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தயாரிப்பாளர் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கணீர்க் குரல்காரன் ஒருவனை உட்காரவைத்தார். முதல் வாரமே அவன் குரலும் நாறியது. எல்லோருக்கும் நிம்மதி.

அவர் இப்போது வீட்டில் தாராளமாகப் பேசலாம், பொய் சொல்லாத வரை. ஒருநாள் மகள் தான் வரைந்த மானைத் தூரத்தில் நின்றபடியே காட்டி, நன்றாக இருக்கிறதா என்று கேட்டாள்.

"கால் சரியா வரலம்மா," என்றார்.

அவள் காற்றை முகர்ந்து பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு, "எப்படி இருக்கும்னு போட்டுக் காட்டுங்கப்பா," என்று பென்சிலை நீட்டினாள். பக்கத்து வீட்டு டிவியில் அந்த நிகழ்ச்சி தொடங்கும் நேரம். அவர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.