தாத்தா யானை பார்த்த நேரம்

மாமனாரின் மூக்குக்குக் கீழே அனுசுயா விரலை வைத்துப் பார்த்தாள். விரலில் ஒன்றும் படவில்லை. நெஞ்சில் கையை வைத்தாள். அங்கேயும் ஒன்றுமில்லை. சுவர்க் கடிகாரத்தில் மூன்று பத்து. இரண்டு மணிக்குக் கஞ்சி ஊட்டி வாயைத் துடைத்துவிட்டுப் போனவள், பாத்திரம் கழுவித் துணி காயப்போட்டுவிட்டு வருவதற்குள் மனிதர் போய்விட்டார். மூன்று வருஷமாக அரை மணிக்கு ஒருதரம் கட்டில் சட்டத்தைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டவர், போகும்போது கூப்பிடவில்லை.

பொய் சொல்வானேன், அவளுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. இனி நானும் எங்கேயாவது போகலாம் என்ற நினைப்புதான் வந்தது. வந்த வேகத்தில் அவளே பயந்துபோய், கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

அவரைப் பக்கவாதம் படுக்கையில் தள்ளிய நாளிலிருந்து அனுசுயா ஒரு ராத்திரி வெளியில் தங்கியதில்லை. அம்மா வீடு இந்தா இருக்கிற சிங்கம்புணரி. அங்கேயும் காலையில் போனால் மத்தியான பஸ்ஸைப் பிடித்து ஓடிவர வேண்டும். தம்பி கல்யாணத்தில் தாலி கட்டி முடிந்ததும் பந்தியில்கூட உட்காராமல் காரைக்குடிக்குத் திரும்பியவள் அவள். இந்த லீவுக்குப் புருஷன் அருள்முருகனும் மகள் பூஜாவும் வால்பாறைக்குக் கிளம்பினார்கள். "யாராச்சும் ஒருத்தர் வீட்ல இருக்கணும்ல" என்றான் அருள்முருகன். அந்த யாராச்சும் யார் என்று அந்த வீட்டில் யாரும் கேட்பதில்லை.

சொல்லியாக வேண்டுமே என்று போனை எடுத்தாள். அது அவள் கையிலேயே அடித்தது. வீடியோ கால். தொட்டதும் பூஜாவின் முகம் திரை நிறைய வந்தது. பதினொரு வயசுப் பிள்ளையின் கண் இரண்டும் அகலமாய் விரிந்திருந்தன.

"பூஜா, அப்பாகிட்டக் குடு."

"அம்மா, சத்தம் போடாதீக" என்று கிசுகிசுத்தாள் பூஜா. "கீழ பள்ளத்துல யானை நிக்கிது. அஞ்சு. பேச்சுச் சத்தம் கேட்டா ஓடிருமாம். ஃபாரஸ்ட் வாட்சர் சொன்னாக."

"கண்ணு, நான் சொல்றதக் கேளு..."

"ஸ்ஸ்!"

போன் கை மாறியது. அருள்முருகன் தெரிந்தான். அலுமினிய ஜன்னல் கடையில் நாளெல்லாம் தூசிக்குள் நின்று சுண்டிப்போன முகம், பத்து வயசு குறைந்து கிடந்தது. இப்படி ஒரு சிரிப்பை அனுசுயா கடைசியாக எப்போது பார்த்தாள் என்று அவளுக்கே ஞாபகமில்லை.

"காலையிலேருந்து ஒக்காந்திருக்கோம். இப்பத்தான் எறங்குச்சுக" என்று அவனும் கிசுகிசுத்தான். "அப்பாவுக்குக் காட்டு. அவரு இங்கன அணை கட்டும்போது கொத்து வேலை பாத்தப்ப தெனமும் யானை பாத்தேன்னு சொல்லுவார்ல. காட்டு அனுசுயா."

"என்னங்க, மாமா..."

"மெதுவா பேசுன்னா. காட்டு, காட்டு. போயிரப் போகுது."

ஒரு வார்த்தைதான். வாய்வரைக்கும் வந்துவிட்டது. அதைச் சொன்னால் அங்கே ஒரு கூப்பாடு எழும், யானை ஓடும், பிள்ளை அழும். வாழ்நாளெல்லாம் அந்தப் பிள்ளைக்கு யானை என்றால் இந்த மத்தியானம்தான் ஞாபகம் வரும். ஐந்து நிமிஷம் போகட்டும் என்று நினைத்தாள். ஐந்து நிமிஷத்தில் என்ன குடிமுழுகிவிடப் போகிறது?

போனைத் திருப்பி மாமனாரின் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவர் கண் பாதி திறந்தபடியே இருந்தது.

"தாத்தா பாக்குறாக" என்றது பூஜாவின் குரல். "தாத்தா, யானை தெரியுதா?"

அனுசுயா தரையில் முழங்காலிட்டு, தலையணையோரம் தன் தலையையும் சாய்த்துக்கொண்டாள். அப்படிச் சாய்ந்தால்தான் அவளுக்கும் திரை தெரிந்தது. தேயிலைச் சரிவு கீழே இறங்கி, ஒரு ஓடையில் போய் முடிந்தது. அந்தக் கரையில் சாம்பல் நிறத்தில் ஐந்து உருவங்கள். நான்கு பெரிசு, ஒன்று குட்டி. பெரிசுகள் அவசரமில்லாமல் தண்ணீரை உறிஞ்சி வாய்க்குள் விட்டுக்கொண்டன. குட்டி மட்டும் ஈரக்கரையில் ஏறும், வழுக்கும், பொத்தென்று உட்காரும், திரும்ப ஏறும். நாலாவது தடவை தாய் திரும்பிப் பார்த்து, துதிக்கையால் அதன் புட்டத்தில் ஒரு தள்ளுத் தள்ளி மேலேற்றியது.

அனுசுயா சிரித்துவிட்டாள். சிரித்த மூச்சு பக்கத்திலிருந்த கன்னத்தில் பட்டது. தலையைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். ஆனாலும் போனைப் பிடித்த கையை அவள் அசைக்கவில்லை.

யானைகள் காட்டுக்குள் ஏற மூன்றே முக்கால் ஆயிற்று.

"அடுத்த தடவ நீயும் வரணும்" என்று சொல்லி அருள்முருகன் வைத்தான்.

அனுசுயா கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். நான்கு மணிக்கு அவளே கூப்பிட்டு, "இப்பத்தாங்க, மாமா போயிட்டாக" என்றாள். வேறு எப்படிச் சொல்வது?

அழுகைச் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு வள்ளிக்கண்ணு வந்தாள். எத்தனையோ கேத வீடு பார்த்த பொம்பளை. தாடையைக் கட்டத் துணியைக் கிழித்து, வாயை மூடப் பார்த்தாள். தாடை சொன்னபடி கேட்கவில்லை.

"என்னடி, இம்புட்டுச் சில்லுன்னு இருக்காக?"

"ஃபேன் ஓடுச்சுக்கா."

வள்ளிக்கண்ணு அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு துணியை இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினாள்.

மலையில் மூட்டம் போட்டு, கொண்டை ஊசி வளைவெல்லாம் ஊர்ந்து இறங்கி, விடிந்த பிறகுதான் அப்பாவும் மகளும் வந்து சேர்ந்தார்கள். அருள்முருகன் ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதான். அழுது ஓய்ந்ததும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஒன்றையே சொன்னான்.

"கடைசியா யானையப் பாத்துட்டுத்தான் போனாரு. அந்த மட்டுக்கும் எனக்குக் குடுப்பினை."

அதைச் சொல்லும்போது மட்டும் அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அனுசுயா ஒவ்வொரு தடவையும் தலையைக் குனிந்துகொண்டாள்.

எட்டரை மணிக்குச் சின்ன மாமனார் முத்தப்பன் பஞ்சாங்கத்தோடு வாசலில் உட்கார்ந்தார். செத்தவரின் தம்பி. குடும்பத்தில் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் நாள் பார்க்கிறவர் அவர்தான்.

"எத்தன மணிக்கு உசுரு போச்சு?"

"நாலு மணிக்கு சித்தப்பா" என்றான் அருள்முருகன். "மூணே முக்கால் வரைக்கும் வீடியோவுல பாத்துக்கிட்டு இருந்தோம்ல."

முத்தப்பன் விரலை வரிமேல் ஓட்டினார். ஓட்டிய விரல் நின்றது. "திருவோணம் மூணு முப்பத்தஞ்சோட முடியுதுப்பா. பெறகு அவிட்டம்."

"அதனால?"

"அடைப்பு நட்சத்திரம். அவிட்டத்துல போனா ஆறு மாசம். அவரு படுத்திருந்த ரூமப் பூட்டிரணும். அந்த வாசல்ல தெனமும் பொழுதுசாய வெளக்கு எரியணும், ஒரு நாள் தவறக் கூடாது. வீட்டு மருமக கைதான் ஏத்தணும். அது முடியிற வரைக்கும் அவ வேற எடத்துல ராத்தங்கக் கூடாது." கண்ணாடியைக் கழற்றி நிமிர்ந்தார். "இருபத்தஞ்சு நிமிசம்ப்பா. அம்புட்டுத்தான் வித்தியாசம். அதுக்கு முந்திப் போயிருந்தாருன்னா ஒரு தொந்தரவும் இல்ல."

ஆறு மாசம். ராத்திரி ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே அனுசுயா கணக்குப் போட்டிருந்தாள். பதினாறு முடிந்ததும் சிங்கம்புணரி. பத்து நாள். அம்மா பக்கத்தில் பாயைப் போட்டு, யாரும் தட்டிக் கூப்பிடாமல், விடிந்த பிறகும் தூங்குவது.

"அனுசுயா" என்றாள் வள்ளிக்கண்ணு, கதவோரம் நின்றபடி. குரலில் ஒரு அழுத்தம் இருந்தது. "நல்லா நெனச்சுச் சொல்லு. பதட்டத்துல மணி சரியாப் பாத்திருக்க மாட்ட. முந்தியே போயிருக்கலாம்ல?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். சொல்லிவிடலாம். மூன்று பத்துக்கே போய்விட்டார் என்று ஒரு வார்த்தை. சொன்னால் கதவு திறந்துவிடும். அடுத்த நொடி அருள்முருகன் கேட்பான், அப்படின்னா நாங்க பாத்தது என்ன என்று.

"அதெப்படி முந்தி?" பூஜா அப்பாவின் மடியிலிருந்து எழுந்தாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. "தாத்தா என்னயப் பாத்தாக. குட்டி வழுக்கி விழுந்தப்ப தாத்தா சிரிச்சாக. எனக்குச் சத்தம் கேட்டுச்சு. அம்மாதான் போனப் பிடிச்சிருந்தாக. கேட்டுப் பாருங்க."

அருள்முருகன் மகளை இழுத்து அணைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தான். அவன் சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை. சந்தேகப்பட்டிருந்தால் அவளுக்குச் சொல்வது லேசாக இருந்திருக்கும்.

"நாலு மணிதான் சின்ன மாமா" என்றாள் அனுசுயா.

வள்ளிக்கண்ணு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். முத்தப்பன் பஞ்சாங்கத்தை மூடினார்.

பதினோரு மணிக்கு எடுத்தார்கள். பெண்கள் தெருமுனைவரை போய்த் திரும்பி வீட்டைக் கழுவிவிட்டார்கள். மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாகச் சுடுகாட்டிலிருந்து வந்த அருள்முருகன் அந்த அறையைப் பூட்டினான். சாவியைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தான்.

"உங்கம்மா வீட்டுக்குப் போகணும்னு இருந்தேல்ல."

"ம்."

"ஆறு மாசம் கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள ஓடிரும்."

அவள் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். அவன் தலையைத் துவட்டிக்கொண்டு வாசலுக்குப் போனான்.

சாயந்தரம் மறந்துவிடக் கூடாதே என்று அனுசுயா போனில் அலாரம் வைத்தாள். ஆறு மணி. எந்தெந்த நாள் என்று கேட்டது. ஞாயிற்றைத் தொட்டாள், திங்களைத் தொட்டாள். ஒவ்வொன்றாக நீலமாகிக்கொண்டு வந்தது. சனியையும் தொட்டுவிட்டு, இன்னும் ஏதாவது விட்டுப்போயிற்றா என்று திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள்.