கிருபனின் பக்கத்தில் நான் எழுதியவை

கிருபன் எனக்குத் தரவேண்டியிருந்தது இருபத்தேழாயிரத்து நானூறு ரூபாய். ஓமந்தையில் அவர் கொந்தராத்து எடுத்துக் கட்டிய கடைத்தொகுதிக்குச் சீமெந்து குழைத்த கூலி. மனைவி பேச்சியம்மாவின் தோட்டை அடைவு வைத்துத்தான் அந்த நாட்களில் சாப்பிட்டோம். தவணை முடிவதற்குள் மீட்காவிட்டால் தோடு ஏலத்துக்குப் போய்விடும்.

கூலி தராதவர் வீட்டு வாசல் படலையில் பின்னேரம் போய் நிற்பது எங்கள் வழக்கம். சத்தம் போடுவதில்லை. ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் திரும்புவோம். கிருபன் வவுனியா டவுனுக்கு வீடு மாறிப் போனதால் பஸ் காசு கட்டுப்படியாகவில்லை. அவருடைய தொழிலுக்கு ஒரு பேஸ்புக் பக்கம் இருந்தது. நான் ஐம்பது வயதுக்குப் பிறகு பேச்சியம்மாவிடம் எழுதப் பழகியவன். வேலையால் வந்து குளித்துவிட்டு, அவர் போடும் கட்டிடப் படங்களுக்குக் கீழே எழுதுவேன். "தம்பி, இண்டைக்கும் வந்தனான். அரிசி முடிஞ்சுது." படலையில் நின்று கேட்பது போலத்தான். அவர் மட்டும் வாசிப்பார் என்றே நினைத்திருந்தேன்.

ஒரு நாள் தாட்சாயினி என்றொரு பிள்ளை பேஸ்புக்கில் இருந்த என் நம்பருக்குப் போன் எடுத்தது. பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறதாம். கூலிவேலைக்காரர் இணையத்தில் எழுதுவதைச் சேர்க்கிறதாம்.

"ஐயா, நீங்கள் எழுதினதில கொஞ்சத்தை என்ரை ஆராய்ச்சியில போடலாமோ? உங்கடை பேர் வராது."

"நான் கிருபன் தம்பிக்கெல்லோ எழுதினனான். உமக்கு எப்பிடிப் பிள்ளை தெரியும்?"

"அது ஆரும் பாக்கக்கூடிய பக்கம் ஐயா. நீங்கள் எழுதினதுக்குக் கீழ வேறை ஆக்களும் தங்கடை கூலியைக் கேட்டு எழுதியிருக்கினம். பாக்கேல்லையோ?"

பார்க்கவில்லை. என்னுடையதை எழுதி முடிக்கவே எனக்கு நித்திரை வந்துவிடும். வெட்கமாகப் போய்விட்டது. எங்கள் வீட்டில் அரிசி முடிந்ததை ஊரே வாசித்திருக்கிறது. போனை வைக்காமலே அந்தப் பக்கத்தைத் திறந்தால், நாங்கள் எழுதியது எதையும் காணவில்லை; பிள்ளையிடம் சொன்னேன். கிருபன் அழித்துவிட்டார்.

"அவர் அழிக்க முதலே நான் சேர்த்து வைச்சிட்டன்," என்றது பிள்ளை. "விருப்பமில்லாட்டிச் சொல்லுங்கோ, எடுத்துவிடுறன். காரணம் சொல்லத் தேவையில்லை."

"இருக்கட்டும்," என்றேன். நான் எழுதியதை ஒருவர் சேர்த்து வைத்தது அதுதான் முதல் தடவை.

பக்கத்துக்குச் சொந்தக்காரர் என்பதால் கிருபனுக்கும் அந்தப் பிள்ளை ஆராய்ச்சியைப் பற்றி அறிவித்திருக்கிறது. அடுத்த கிழமை அவருடைய மோட்டார்சைக்கிள் எங்கள் வாசலில் நின்றது.

"முத்துலிங்கண்ணை, என்னை நாறடிச்சுப் போட்டியள்."

"கதிரையில இருங்கோ தம்பி."

"இருக்க வரேல்லை. புதுக் கட்டிட வேலை ஒண்டு கேட்டிருக்கிறன். இது வெளியில வந்தா என்ரை நிலமை என்ன?"

"பேர் போடமாட்டினமாம்."

"ஓமந்தைக் கடைத்தொகுதி எண்டு வாசிக்கிறவனுக்கு ஆளைத் தெரியாதோ? எடுக்கச் சொல்லுங்கோ. காசு தாறன்."

குசினி அடுப்படியிலிருந்து பேச்சியம்மா சொன்னாள்: "ஆறு மாசமா எழுதினவர். தபால்காரன் இண்டைக்குத்தான் வந்தவன் போலை."

தோடுதான் என் நினைப்பில் இருந்தது. தாட்சாயினிக்குப் போன் எடுத்து, கிருபனுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்ரையை எடுத்துவிடும் பிள்ளை."

"ஆரும் வற்புறுத்தினவையோ ஐயா?"

"இல்லை. காசு தாறாராம்."

"அதுவும் வற்புறுத்தல்தான் ஐயா."

"அப்பிடியெண்டா அவர் ஆறு மாசத்துக்கு முந்தியே வற்புறுத்தியிருக்கலாம்."

பிள்ளை சிரித்தது. பிறகு, "சரி, உங்கடை எல்லாத்தையும் எடுக்கிறன். மற்றவையின்ரை இருக்கும். அதை அவைதான் சொல்லவேணும்," என்றது.

கிருபனின் முகம் சுருங்கியது. பொக்கற்றுக்குள் விட்ட கை அப்படியே நின்றது.

"அப்ப நான் இதைத் தந்து என்ன பிரியோசனம்?"

"நான் வேலை செய்தனான் தம்பி," என்றேன்.

அவர் பொக்கற்றிலிருந்து காசுத்தாள்களை எடுத்தார். இரண்டு தரம் எண்ணி என் கையில் வைத்தார்.

"உங்களோடை சீமெந்து குழைச்ச சிவதர்சினியும் கூலி கேட்டு எழுதினவா. அவாவின்ரை வீடு எந்தப் பக்கம்?"

"கோயிலடியால திரும்பி ரெண்டாவது. இப்ப போனா நிப்பா."

மோட்டார்சைக்கிள் அந்தப் பக்கமாகவே திரும்பியது. நானும் எண்ணிப் பார்த்தேன். இருபத்தேழாயிரத்து நானூறு. எனக்கும் கிருபனுக்கும் இடையில் இனிக் கணக்கில்லை.