போனில் பெரியம்மாள் சொன்ன பெயர்

எங்கள் தெருப் பெரியம்மாளைப் போல ஒருத்தி முதலமடையில் உண்டா என்றால், இல்லை என்றே அடித்துச் சொல்வேன். அவள் சுடும் முறுக்கில் பல் போகும். அது வேறு விஷயம்.

எழுபத்தெட்டாம் வருடம் மண்டிக்கார நஞ்சப்பன் தன் மாந்தோப்புப் பொறுப்பை அவளிடம் கொடுத்தார். "ஒரு லோடு தங்குச்சுன்னாலும் வேற ஆளைப் போட்டுருவேன்" என்று சொல்லித்தான் கொடுத்தார். முந்தின வருடம் எவனோ போனில் ஆள்மாறாட்டம் செய்து லாரியோடு மாங்காயைக் கொண்டுபோய்விட்டதால், புதுச் சட்டமும் போட்டிருந்தார். லோடு ஏறியதும் தோட்டத்துக்காகப் போனில் பேசுகிறவர் பெயர் சொன்னதும் கொல்லங்கோட்டு மண்டி ஆபீஸ் கிளார்க் சிவராமகிருஷ்ணன் அதைப் புத்தகத்தில் பார்ப்பார். பிறகு அன்றைய ரகசியச் சொல்லைக் கேட்பார். அது தினமும் ஒரு சாமி பெயர். காலையில் லாரி டிரைவர் வந்து காதில் சொல்வார். இரண்டும் ஒத்துவந்தால்தான் லாரி நகரும்.

ஒரு நாள் வந்த சாமி கருப்புசாமி. பெரியம்மாளின் புருஷன் பெயரும் அதுதான். கட்டியவன் பெயரை எங்கள் பக்கத்துப் பெண்கள் வாயால் சொல்வதில்லை.

பெரியம்மாள் தபாலாபீஸ் போனைப் பிடித்துக்கொண்டு விழித்தாள். நான் கார்டு வாங்கப் போயிருந்தேன். கடிதம் எழுத எனக்கு ஆள் யாரும் இல்லை என்பது இருக்கட்டும். வெளியே வெயிலில் லோடு வெந்துகொண்டிருந்தது.

"ஏனுங்கய்யா, எங்கூட்டுக்காரர் பேருதானுங்க இன்னைக்கு. புரிஞ்சுக்கோங்க."

"ஒங்காத்துக்காரர் பேர் நேக்கெப்படித் தெரியும்? வார்த்தையைச் சொல்லுங்கோ!" கிளார்க் போட்ட சத்தம் எங்களுக்கே கேட்டது.

கூட வந்திருந்த புருஷன் போனைப் பிடுங்கினான். "கருப்புசாமிங்க. போதுமுங்களா?"

"வார்த்தை சரி, ஆள் சரியில்லையே. ஒங்க குரல் புஸ்தகத்துல இருக்கற பொம்மனாட்டி குரலா? அவா வாயால வரணும்."

"நான் அவ புருசனுங்க!"

"அதுக்கு இந்தப் புஸ்தகத்துல எடமில்லை."

கருப்புசாமி போனை அவளிடமே நீட்டினான். "சொல்லு புள்ள. சொன்னா நான் செத்தா போயிருவேன்?"

அவனை மேலும் கீழும் பார்த்தாள். "பெரியம்மா பேசறனுங்க... கருப்புசாமி."

"கேக்கலை!"

"கருப்புசாமி! கருப்புசாமி!" எதிரே ரயிலடியில் நின்றவர்கள் திரும்பினார்கள். பக்கத்தில் நின்ற புருஷன், "ஏம் புள்ள?" என்றான்.

"சரி, லாரி போகட்டும்."

லோடு கிளம்பியது, பொறுப்பும் அவளிடமே நின்றது. புருஷன் பெயரைக் கூவி லாரி அனுப்பியவள் வேறு எந்தத் தெருவில் இருக்கிறாள்? அந்த லாரி கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டுவதற்குள் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன்.