கேட்டுக்கு உள்ளே நாலு அடி

1

இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இலக்கியம் அல்ல. என் மருமகளின் வாயை அடைக்கத்தான் உட்கார்ந்தேன். இனி விற்கும் கார் ஒவ்வொன்றிலும் பின்பக்கக் கேமரா கட்டாயம் என்று ஒரு சட்டம் கொண்டுவரப் போகிறார்களாம். நாளைக்கு அதைப் பற்றிக் கருத்துக் கேட்கும் கூட்டம். அதில் பேசுவதற்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறாள்.

"நம்ம வீட்டு விஷயத்த மைக்குல சொல்லப் போறியாம்மா?"

"அப்ப நீங்க எழுதிக் குடுங்க மாமா. நாலு புத்தகம் போட்டவர்தானே. நடந்தத நடந்த மாதிரி முழுசா எழுதுங்க. அதக் குடுத்துட்டு ஒரு வார்த்த பேசாம வந்துடறேன்."

ஒப்புக்கொண்டேன். கதை என்று மேலே போட்டுவிட்டால் எந்த வீட்டில் நடந்தது என்று யார் கேட்கப் போகிறார்கள்? மானமுள்ளவனுக்குப் புனைவு ஒரு நல்ல போர்வை.

2

முதல் தொடக்கம்:

[ஒரு வீட்டில் மூன்று வயதுப் பெண் குழந்தை படியில் வழுக்கி விழுந்து—]

என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தவள், "படியா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். அந்த வரியை அடித்துவிட்டேன். சதுர அடைப்புக்குள் இருப்பவை எல்லாம் இப்படி அடித்தவைதான்.

(வாசகர் என்னைத் தப்பாக நினைக்க வேண்டாம். அந்தப் படி இப்போது முளைத்தது அல்ல. துக்கம் கேட்க வந்த அத்தனை பேருக்கும் அதைத்தான் சொன்னேன். பெற்ற பிள்ளை மேல் வண்டி ஏற்றியவன் என்று என் மகனை நாலு பேர் சுட்டிக்காட்டிப் பேசக் கூடாது. இப்போது கேட்டாலும் படி என்றுதான் சொல்வேன்.)

3

இரண்டாவது தொடக்கம். இம்முறை பாத்திரத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

[என் பேத்தியை] கதையில் வரும் குழந்தையை எல்லோரும் மேஸ்திரி என்றே கூப்பிட்டோம். யார் செருப்பை எங்கே விடுவது என்பது வரை அவள் உத்தரவுதான். ஒருநாள் கடை வாசலில் யாரோ கையை ஆட்டி ஆட்டி ஒரு காருக்கு ரிவர்ஸ் சொல்வதைப் பார்த்துவிட்டாள். அதன் பிறகு அப்பா வண்டியைக் கிளப்பும் சத்தம் கேட்டால் போதும், பின்பக்கம் ஓடுவாள். "வரலாம்... வரலாம்... ஒடிச்சு வாங்க... போதும்!" அவள் சொன்ன இடத்தில் வண்டி நிற்கும். அவளுக்கு அந்தப் பெருமை தாங்காது.

புதுக் கார் வாங்கப் போன இடத்தில் விற்பனையாளர், "கேமரா இதுல வராது சார், மேல் மாடல்லதான்" என்றார்.

"எங்க வீட்டுல மேஸ்திரியே இருக்கா, கேமரா எதுக்கு?" என்றான் என் மகன். விற்பனையாளர் சிரித்தார். நான் சிரித்தேன். எங்கள் எல்லோரையும்விட மருமகள்தான் அதிகம் சிரித்தாள்.

[இந்தச் சிரிப்பை எடுத்துவிட்டால் கதைக்கு—]

"எடுக்காதீங்க. இருக்கட்டும்" என்றாள்.

(இந்த மருமகள் பாத்திரத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம். தன்னைத்தானே விட்டுக்கொடுக்கும் ஒருத்தியை வாசகர் நம்புவாரா? நான் இட்டுக்கட்டியிருந்தால் இப்படி ஒருத்தியைப் படைத்திருக்கமாட்டேன். இரண்டு சொட்டுக் கண்ணீராவது வைத்திருப்பேன்.)

4

நடந்தது இவ்வளவுதான். வெயில் நேரம். காரில் ஏசி போட்டு, கண்ணாடியை ஏற்றியிருந்தான். பக்கத்துக் கண்ணாடி இரண்டையும் பார்த்தான். கழுத்தைத் திருப்பியும் பார்த்தான். அதில் என் மகனைக் குறை சொல்ல ஒருவருக்கும் வாயில்லை. பின்கண்ணாடி தொடங்கும் உயரத்துக்கு அவள் இன்னும் வளர்ந்திருக்கவில்லை. நான் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். "வரலாம், வரலாம்" என்று கேட்டது. தினமும் கேட்பதுதான்.

[பிறகு "போதும்" என்று அவள்—]

இந்த வாக்கியத்தை மூன்று முறை தொடங்கினேன். விட்டுவிடுகிறேன்.

5

பெயர் கொடுக்கப் போன இடத்தில் ஒரு அதிகாரி மருமகளிடம் கேட்டாராம்:

"ரோட்டுல நடந்துச்சா, வீட்டுக்குள்ளயாம்மா?"

"கேட்டுக்கு உள்ள. நாலு அடி."

"அப்ப சாலை விபத்துக் கணக்குல வராதே. மாடிப்படில விழுறாங்க பாருங்க, அந்த மாதிரி. வீட்டு விபத்து."

கார் கம்பெனிக்காரர்கள் அந்தக் கணக்கைத்தான் கையில் வைத்துக்கொண்டு, 'இந்தச் சில குழந்தைகளுக்காக ஒரு சட்டமா?' என்று கேட்கிறார்களாம்.

கேட்டுக்கு உள்ளே நடப்பது கேட்டுக்கு உள்ளேயே இருக்கட்டும் என்று காலமெல்லாம் சொல்லி வந்தவன் நான். சட்டமும் அதையேதான் சொல்கிறது. படியில் விழுந்தாள் என்று நான் சொன்னேன். அவர்களும் அவளைப் படியில் விழுந்தவர்களோடு சேர்த்துவிட்டார்கள். எந்த அரசாங்கமும் என் வார்த்தையை இவ்வளவு மதித்ததில்லை.

6

இந்த இடத்தில் மகன் அறைக்குள் வந்தான். அன்றிலிருந்து காரைத் தொடாதவன். பஸ்ஸில்தான் வேலைக்குப் போய்வருகிறான். எழுதியதை நின்றபடியே படித்தான்.

"அப்பா, வெளியன்னு எழுதிடுங்க."

"என்னடா வெளிய?"

"கேட்டுக்கு வெளிய. ரோட்டுலன்னு."

"பைத்தியமாடா உனக்கு? கேஸாயிடும். பிடிச்சு உள்ள வெச்சிடுவான்."

"வெக்கட்டும். கணக்குலயாவது வருவா இல்ல?"

"வேணாம்" என்றாள் மருமகள். அவனைப் பார்த்துச் சொல்லவில்லை. காகிதத்தைப் பார்த்துச் சொன்னாள். "உள்ள நடந்தது உள்ளன்னே இருக்கணும். நாமளும் வெளியன்னுட்டா, இன்னொரு வீட்டுக் கேட்டுக்கு உள்ள நிக்கற குழந்தைய யாரு எண்ணுவா?"

"எண்ணமாட்டேன்னுதானே சொல்றாங்க!"

"எண்ண வெக்கத்தான் போறேன்."

என் வீட்டில் என் எதிரில் ஒருவரும் குரல் உயர்த்தியதில்லை. நாலு அடி இடத்துக்காக இரண்டு பேரும் கத்தினார்கள். பேனா என் கையில் இருந்தது.

7

ஆக, முடிவுகள் மூன்று. படி என்றால் என் குடும்பம் தலைநிமிர்ந்து நடக்கும். வெளியே என்றால் அவள் கணக்கில் வருவாள். என் மகன் சிறைக்குப் போவான். உள்ளே என்றால் நடந்தது நடந்தபடி இருக்கும். ஊர் கைகொட்டிச் சிரிக்கும். சட்டம் வந்தாலும் வரும், வராமலும் போகும்.

"அடிச்சதெல்லாம் எடுத்துட்டு நல்ல பிரதி ஒண்ணு எழுதித் தரேம்மா."

"வேணாம் மாமா. அடிச்சதும் இருக்கட்டும். நாம என்னென்ன சொல்லிப் பாத்தோம்னு அவங்களும் படிக்கட்டும்."

"மானம் போயிடும்."

"கடைசி வரி பாக்கி இருக்கு. எழுதிக் குடுங்க. இல்லன்னா நான் பேசிக்கறேன்."

கார் பின்னால் வந்தபோது மேஸ்திரி கேட்டுக்கு .......... நின்றிருந்தாள்.

மருமகள் கையை நீட்டியபடி நிற்கிறாள். மகன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். புள்ளி வைத்த இடத்தில் ஒரே ஒரு சொல். வாசகரே, நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நாலு புத்தகம் போட்டவன் நான். எனக்கு வரவில்லை.